ஸ்விட்ச் போட்டுட்டு டீ போடுங்க!

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து சென்னைக்குப் போகும் லோக்கல் ஹாரன் அடிக்கும்போது, எங்கள் எதிர் வீட்டு அண்ணன் தன் லேப்டாப்பின் ஸ்விட்சை அழுத்துவார். அழுத்திவிட்டுக் கை கழுவுவார். அண்ணி டீ போடுவார். அண்ணன் டீ குடிப்பார். ரயில் கவரைப்பேட்டையை நெருங்கும்போதுதான் திரையில் ஐகான்கள் ஒவ்வொன்றாக, பெண் பார்க்க வந்தவர்களை ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி, எட்டிப் பார்க்கும். அப்போதும் மவுஸை அசைத்தால் பக்கத்தில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"இன்னா தம்பி, இது கம்ப்யூட்டரா, நெல் அவிக்கிற அண்டாவா?" என்பார் அண்ணன்.

அண்ணனுக்கு சிப்காட்டில் வேலை. இரும்புக் கம்பி உருட்டும் ரோலிங் மில். செக்கச்செவேலென்று வரும் கம்பி அங்கே கண் இமைக்கும் நேரத்தில் முன்னால் பாய்ந்துவிடும். அதைப் பார்த்துப் பழகியவருக்கு வீட்டில் ஒன்பது நிமிஷம் வட்டம் பார்ப்பது எப்படி இருக்கும்?

சாதாரண நாளாக இருந்தால் இதைச் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் அன்று அண்ணன் சிரிக்கிற நிலைமையில் இல்லை. பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். பொன்னேரி லோகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரியில் பி.காம். சேர ஆசை. ஆன்லைனில் விண்ணப்பிக்கக் கடைசி தேதிக்கு மூன்று நாள்தான் பாக்கி. பாதி ஃபாரம் நிரப்பும்போதே கம்ப்யூட்டர் உறைந்து, மறுபடி ஸ்விட்ச் போட்டு, மறுபடி கவரைப்பேட்டை.

"வேணாம் தம்பி. கடையில வட்டியில்லாத தவணைல புது லேப்டாப் தர்றானாம். நாப்பதாயிரத்துச் சொச்சம். கையெழுத்து போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார்.

பி.காம். படித்தவன் முன்னால் 'வட்டியில்லாத' என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது ஸார். ராத்திரி தூக்கம் வராது. பிராசஸிங் சார்ஜ் எவ்வளவு, ரொக்கமாய் வாங்கினால் எவ்வளவு தள்ளுபடி, ஒரு தவணை தவறினால் என்ன அபராதம் என்று கேட்டேன். அண்ணன் முழித்தார்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை டைம் கொடுங்கண்ணே. நான் பார்க்கிறேன்" என்று வாயை விட்டுவிட்டேன்.

* * *

அந்த லேப்டாப்பின் பூர்வீகத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

2011 செப்டம்பர் 15. அண்ணா பிறந்த நாள். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான், அன்றைய முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டமும் அதே நாள்தான். முதல் வருஷ இலக்கு மட்டும் 9.12 லட்சம் லேப்டாப். எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. அந்தத் தொடக்க வருஷத்தில் பிளஸ் டூ படித்த அண்ணனின் தங்கச்சிக்கும் ஒன்று கிடைத்தது.

ஊருக்குள் முதல் லேப்டாப்! ஊதுபத்தி கொளுத்தி, குங்குமம் வைத்துத்தான் திறந்தார்கள். (குங்குமம் இன்னும் 'எஸ்கேப்' பொத்தானுக்கு அடியில் இருக்கிறது. நான் கழற்றும்போது பார்த்தேன்.) உள்ளே இரண்டு ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் ஒரு பக்கம், சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் ஒரு பக்கம் என்று இரட்டைக் குடித்தனம். ஸ்டார்ட்டரில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. சரி, அந்தப் பக்கம் போகலாம் என்றால் பெயரே 'பாஸ்'. பாஸைத் தேடிப் போகிறவன் உண்டா?

தங்கச்சி அதில் படித்து, டிகிரி முடித்து, கல்யாணமாகித் திருவள்ளூர் போய்விட்டது. பீரோ போனது, கட்டில் போனது, லேப்டாப் மட்டும் பிறந்த வீட்டில் தங்கிவிட்டது. நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் விண்டோஸ் 10-ஐ அதில் ஏற்றிவிட்டான். சைக்கிள் கேரியரில் சிமெண்ட் மூட்டை ஏற்றின மாதிரி.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. அண்ணி காபி கொடுக்கும்போது சாதாரணமாய்ச் சொன்னார்.

"மாமா பேசின வீடியோ ஒண்ணு அதுலதான் இருக்குது. தங்கச்சி எடுத்தது. அது மட்டும் போயிடாம பாருங்க தம்பி."

மாமா என்றால் அண்ணனின் அப்பா. இறந்து ஏழு வருஷமாகிறது. அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லையாம்.

நான் தலையாட்டினேன். ஆனால் அதன் முழு அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

* * *

ஞாயிற்றுக்கிழமை. விஷயம் தெரிந்து தெருவே திரண்டுவிட்டது. நம் ஊரில் கம்ப்யூட்டரும் காய்ச்சலும் ஒன்று. வைத்தியம் தெரியாதவர்கள் கிடையாது.

"டெஸ்க்டாப்ல ரைட் கிளிக் பண்ணி ரெஃப்ரெஷ் கொடுங்க. பத்து தடவை" என்றார் ஒருவர். அன்பர்களே, இந்த ரெஃப்ரெஷ் சமாச்சாரத்தை இன்றோடு விட்டுவிடுவோம். அது திரையில் இருக்கும் ஐகான்களை மறுபடி வரைகிறது. அவ்வளவுதான். வாசலில் கோலத்தை அழித்து அழித்துப் போட்டால் சமையல் சீக்கிரம் ஆகுமா?

"எம்எஸ்கான்ஃபிக்ல போய் பிராசஸர் எண்ணிக்கையை நாலுன்னு மாத்துங்க" என்றான் ஒரு பாலிடெக்னிக் பையன். அங்கே டிக் போடாமல் விட்டாலே விண்டோஸ் இருக்கிற எல்லாவற்றையும் பயன்படுத்தும். அந்தப் பெட்டி, குறைத்து வைத்துச் சோதிப்பதற்கு.

"ரிஜிஸ்ட்ரி கிளீனர்" என்றார் இன்னொருவர். ரிஜிஸ்ட்ரியில் கிடக்கும் பழைய வரிகள் வேகத்தைக் கெடுப்பதில்லை. கிளீனர் தவறாக ஒன்றைப் பெருக்கித் தள்ளினால் கம்ப்யூட்டரே கிளம்பாது.

"பிரீஃபெட்ச் ஃபோல்டரைக் காலி பண்ணுங்க." பண்ணாதீர்கள். எதை முதலில் எடுக்க வேண்டும் என்று விண்டோஸ் தனக்குத்தானே எழுதி வைத்திருக்கும் சீட்டு அது. கிழித்தால் அடுத்த தடவை இன்னும் லேட்.

"ராமைக் கழட்டி ரப்பரால் தேய்ங்க." இது மட்டும் கொஞ்சம் உண்மை. ஸ்விட்ச் போட்டதும் பீப் பீப் என்று கத்தி, திரை கருப்பாகவே இருந்தால், பென்சில் ரப்பரால் அந்தத் தங்க நிறப் பற்களை மெல்லத் தேய்த்துச் செருக, உயிர் வருவதுண்டு. ஆனால் மெதுவாக வருகிற கம்ப்யூட்டரை ரப்பர் வேகமாக்காது.

கூட்டத்தை அனுப்பிவிட்டு, நான் செய்த முதல் காரியம், செல்போனில் ஸ்டாப் வாட்ச் போட்டது. வைத்தியத்துக்கு முன்னால் தெர்மாமீட்டர்.

ஸ்விட்ச் போட்டதிலிருந்து கம்பெனி முத்திரை மறையும் வரை 15 விநாடி. அப்புறம் ஒரு நீல மெனு, "பழைய விண்டோஸா, புது விண்டோஸா?" என்று கேட்டுவிட்டு 30 விநாடி மௌனம். அங்கிருந்து டெஸ்க்டாப் வரை 2 நிமிஷம் 45 விநாடி. டெஸ்க்டாப் வந்த பிறகு, உருப்படியாய் ஒரு வேலை செய்ய முடிகிற வரை ஐந்தரை நிமிஷம். மொத்தம் சரியாக ஒன்பது.

ஆக, எல்லோரும் திட்டுவது விண்டோஸ் கிளம்புவதை. பாதிக்கு மேல் நேரம் தின்றது அது கிளம்பின பிறகு! இந்தக் கணக்கு தெரியாமல் கை வைத்திருந்தால் நானும் ரெஃப்ரெஷ் கோஷ்டியில்தான் சேர்ந்திருப்பேன்.

* * *

உள்ளே என்னதான் நடக்கிறது? அண்ணனுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன்.

காலை ஆறு மணி ஷிப்ட். ஃபேக்டரி கேட். முதலில் செக்யூரிட்டி வருகிறார். லைட் எரிகிறதா, சாவி இருக்கிறதா, மிஷின் இருக்கிறதா என்று ஒரு சுற்று பார்க்கிறார். இவர்தான் பயாஸ். அவர் போய் சூப்பர்வைசரை எழுப்புகிறார். இது பூட் லோடர். சூப்பர்வைசர் போய் மேனேஜரை அழைத்து வருகிறார். இது கெர்னல். மேனேஜர் உட்கார்ந்ததும் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், ஸ்டோர்ஸ் என்று நிரந்தர ஊழியர்கள். இவை சர்வீஸ்கள். கடைசியாகத்தான் கான்ட்ராக்ட் ஆட்கள். இவர்கள்தான் ஸ்டார்ட்-அப் புரோகிராம்கள்.

('பூட்' என்கிற வார்த்தையே தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்கிற வேடிக்கையிலிருந்து வந்தது. எழுப்ப ஆள் இல்லாமல் தானே எழுந்திருக்க வேண்டிய கஷ்டம். ஷிப்ட் போகிறவர்களுக்குத் தெரியும்.)

பிரச்னை என்னவென்றால், கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே கேட்டில் முண்டுகிறார்கள். நாம் ஒவ்வொரு சாஃப்ட்வேர் போடும்போதும் அது நம்மைக் கேட்காமலே, "நாளையிலிருந்து நானும் காலை ஆறு மணிக்கு ஆஜர்" என்று பெயர் எழுதிவிட்டுப் போகிறது.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ஸ்டார்ட்-அப்' என்று ஒரு பக்கம். (விண்டோஸ் 7-ல் எம்எஸ்கான்ஃபிக்கில் இருக்கும்.) திறந்தேன். பதினேழு பேர்!

எப்போதோ விற்றுவிட்ட பிரிண்டரின் உதவியாளர். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்கான வீடியோ சாஃப்ட்வேர். டோரண்ட். பையனின் கேம். சும்மா அப்டேட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் நான்கு பேர். இவர்களோடு இரண்டு ஆன்ட்டி வைரஸ். ஒரு உறையில் இரண்டு கத்தி. நான் திறக்கிற ஃபைலை நீ சோதி, நீ சோதிப்பதை நான் சோதிக்கிறேன் என்று ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டே காலம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொருவர் பெயர் மேலும் ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்'. பயப்பட வேண்டாம். இது டிஸ்மிஸ் இல்லை. காலையில் வராதே, கூப்பிடும்போது வா என்பதுதான். ஆன்ட்டி வைரஸில் ஒன்றை நீக்கி ஒன்றை வைத்தேன். டச்பேட், சவுண்டு சம்பந்தப்பட்டவர்களைத் தொடவில்லை. பெயர் புரியாதவர்களையும் தொடவில்லை. அப்புறம் எம்எஸ்கான்ஃபிக்கில் 'பூட்' பக்கம் போய் அந்த 30 விநாடி மெனுவை 3 ஆக்கினேன். இரண்டு விண்டோஸ் இருந்த வீடுகளில் இந்த அரை நிமிஷத்தை வருஷக்கணக்கில் சும்மா பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

ஸ்டாப் வாட்ச். ஐந்தே முக்கால் நிமிஷம்! செலவு பூஜ்யம்.

"அட, பொன்னேரி வரைக்கும் போன ரயிலைத் திரும்பக் கூட்டியாந்துட்டியே!" என்றார் அண்ணன். அண்ணி ஒரு கேசரி கொடுத்தார்.

அந்தக் கேசரி தந்த உற்சாகத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். "ராத்திரி டிஃப்ராக் போட்டுடலாம்ணே. சிதறிக் கிடக்கிறதை எல்லாம் வரிசையா அடுக்கும்" என்று அதை ஓட விட்டுவிட்டு வந்து தூங்கினேன்.

* * *

மறுநாள் சாயங்காலம் போனால், 43 சதவீதத்தில் நின்றிருக்கிறது. லேப்டாப்பின் இடது பக்கத்திலிருந்து ஒரு சத்தம். டக்... டக்... டக். சுவர்ப் பல்லி மாதிரி.

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஹார்ட் டிஸ்க் என்பது ஒரு சுழலும் தட்டு. லேப்டாப்பில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய இடம் தலைக்கு அடியில் வர, சராசரி அரைச் சுற்று. அதற்கு முன்னால் தலை சரியான தடத்துக்கு நகர ஒரு 12 மில்லி விநாடி. கூட்டிப் பார்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் கிடப்பதை எடுக்க விநாடிக்கு ஐம்பது, அறுபது தடவைதான் முடியும். கம்ப்யூட்டர் கிளம்ப ஒரு பத்தாயிரம் துண்டு தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்துப் பாருங்கள். மூன்று நிமிஷம் சும்மா ஓட்டத்திலேயே போச்சு. குடோனில் ஒரே ஒரு ஸ்டோர் கீப்பர், அவருக்கும் முழங்கால் வலி என்றால் புரொடக்‌ஷன் எப்படி ஓடும்?

இதில் ராம் என்பது மேஜை. இரண்டு ஜிபி மேஜை சின்னது. சாமான் வைக்க இடமில்லாமல் மறுபடி குடோனுக்கே அனுப்பி, மறுபடி வரவழைத்து... கிழவருக்கு இரட்டை நடை.

கிழவருக்கு முழங்கால் வலி மட்டுமா, இருதயமே பலவீனமா என்று பார்க்க வழி உண்டு. ஹார்ட் டிஸ்க் தன் உடம்பைத் தானே கவனித்து 'ஸ்மார்ட்' என்று ஒரு குறிப்பு எழுதி வரும். அதைப் படித்துச் சொல்ல கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. ஓட்டினேன். நீலமாக இருக்க வேண்டிய பெட்டி மஞ்சளாக இருந்தது. எச்சரிக்கை! படிக்க முடியாமல் போன இடங்களை டிஸ்க் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் ஒதுக்கி வைத்துவிட்டு, உபரி இடங்களில் காலம் தள்ளிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த லேப்டாப் மெதுவாக இருந்ததற்கு வயசு மட்டும் காரணமில்லை. கெட்டுப்போகும் இடத்தை டிஸ்க் ஒரே தடவையில் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். அந்த ஒவ்வொரு முயற்சியும் நமக்கு ஒரு வட்டம். ஒன்பது நிமிஷம் என்பது சோம்பேறித்தனம் இல்லை ஸார். அது நோட்டீஸ். 'நான் போகப்போகிறேன், சாமானை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று தினமும் இரண்டு தடவை சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

நானோ, இருதய நோயாளியை ராத்திரி முழுக்க மூட்டை தூக்க விட்டிருக்கிறேன். டிஃப்ராக் என்றால் அதுதான்.

எதிர் வீட்டில் அண்ணி கேட்ட அந்த வீடியோ. நான் முதலில் செய்திருக்க வேண்டியது அதைக் காப்பி எடுப்பது. வேகம், ஸ்டார்ட்-அப், கேசரி எல்லாம் அதற்குப் பிறகு.

அண்ணனிடம் சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. "பாரு தம்பி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

லேப்டாப் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. நடுவில் கரண்டு போனால் அதோகதி. மாடி வீட்டு யு.பி.எஸ்ஸைக் கடன் வாங்கி வந்தோம். ஒரு வெளி டிஸ்க்கை மாட்டினேன். பெரிய ஃபோல்டரை மொத்தமாய் இழுக்காமல், முக்கியமானது முதலில் என்று ஆரம்பித்தேன். முதலில் மாமா வீடியோ. 71 சதவீதத்தில் நின்றது. பிழைச் செய்தி. மறுபடி. மறுபடியும் நின்றது. லேப்டாப்பை அணைத்து, ஒரு மணி நேரம் ஆற விட்டு, அடியில் இரண்டு தீப்பெட்டி வைத்துக் காற்றோட்டம் கொடுத்து, மூன்றாவது தடவை...

வந்துவிட்டது.

ராத்திரி இரண்டரை மணி. அண்ணன் செகண்ட் ஷிப்ட் முடித்து வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மற்ற போட்டோக்கள் வந்து முடிய விடிந்துவிட்டது. பதினொரு போட்டோக்கள் மட்டும் வரவில்லை. யாரோ ஒருவர் கல்யாணப் பந்தியாம். போகட்டும் என்றார் அண்ணி.

* * *

இனி டிஸ்க்கை மாற்றுவதுதான் வழி. மறுநாள் லோக்கல் பிடித்து ரிச்சி தெரு. 256 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று, பழைய நாலு ஜிபி ராம் ஒன்று. இரண்டும் சேர்த்து அன்றைக்கு மூவாயிரத்துக்குள் முடிந்தது. (விலை மாதா மாதம் ஏறி இறங்கும். இரண்டு கடை விசாரியுங்கள். பில் கேளுங்கள்.)

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு கிடையாது. நகரும் தலை கிடையாது. எல்லாம் சிப். பழையது ஒரு துண்டை எடுக்க 17 மில்லி விநாடி ஆக்கும் என்றால், இது ஏறக்குறைய 0.1 மில்லி விநாடியில் எடுக்கும். அதே பத்தாயிரம் துண்டு ஒரு விநாடி வேலை. பழைய கம்ப்யூட்டருக்குப் பணம் போட்டு ஒன்றே ஒன்று செய்ய முடியும் என்றால், பிராசஸரைப் பார்க்காதீர்கள், இதைச் செய்யுங்கள். 2.5 அங்குலம், சாட்டா வகை என்று கேட்டால் கொடுப்பார்கள். பின்பக்க மூடி, நாலைந்து திருகு. மாற்றின பிறகு டிஃப்ராக் போடவே கூடாது, தேவையும் இல்லை.

எதை நிறுவுவது? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த வயசு லேப்டாப்பை வாசற்படியிலேயே நிறுத்திவிடும். ஆகவே லினக்ஸ் மின்ட், எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. இலவசம். பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பார்த்துப் பிடித்தால் நிறுவிக்கொள்ளலாம். இணையம், தமிழ் டைப்பிங், ஃபாரம் நிரப்புவது, கடிதம் அடிப்பது எல்லாம் உண்டு. டேலி மாதிரி விண்டோஸ் கேட்கும் சாஃப்ட்வேர் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு இது சரிப்படாது. பையனுக்கு டேலி படிக்கிற வருஷம் வரும்போது புது லேப்டாப் பேச்சை எடுக்கலாம். அதுவும் ரொக்கத்தில்.

(2011-ல் எந்த லினக்ஸைப் பார்த்து இந்த வீடு பயந்ததோ, அதன் தூரத்துச் சொந்தம்தான் கடைசியில் வந்து காப்பாற்றியது.)

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். உங்களுக்கும் இரண்டு வரி. தினமும் 'எஃப் 1 அழுத்து' என்று நின்று, தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. சி.ஆர். 2032 என்று கேளுங்கள். கடிகாரக் கடையிலும் கிடைக்கும். தேதி தப்பாக இருந்தால் பேங்க் வெப்சைட்டுகூடத் திறக்காது. பயாஸில் பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருந்தால், ஹார்ட் டிஸ்க்கை முதலில் வையுங்கள். இல்லாத சர்வரைத் தேடி அலைகிற நேரம் மிச்சம்.

* * *

1983-ல் அமெரிக்காவில், ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், மெக்கிண்டாஷ் கிளம்பும் நேரத்தைக் குறைக்கச் சொல்லி லாரி கென்யன் என்கிற இன்ஜினீயரிடம் ஒரு கணக்கு சொன்னாராம். அந்தக் குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதியிருக்கிறார். பத்து விநாடி குறைத்தால், ஐம்பது லட்சம் பேருக்குத் தினம் ஐந்து கோடி விநாடி மிச்சம். வருஷத்துக்கு ஒரு டஜன் உயிரைக் காப்பாற்றின மாதிரி என்று.

நான் பி.காம். ஆயிற்றே, சும்மா விடுவேனா? வருஷத்துக்கு 1,825 கோடி விநாடி. எழுபது வயசு ஆயுளுக்குச் சுமார் 220 கோடி. வகுத்தால் எட்டு உயிர்தான் தேறுகிறது. டஜன் ஆக்கியிருக்கிறார். எந்த ஊரிலும் முதலாளி டார்கெட்டைக் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்வார்.

நம் அண்ணன் கணக்கு இன்னும் எளிது. ஒன்பது நிமிஷம், தினம் இரண்டு தடவை, வருஷத்துக்கு முந்நூறு நாள். தொண்ணூறு மணி நேரம். எட்டு மணி ஷிப்ட்டுக்குப் பதினொரு ஷிப்ட். சம்பளமில்லாத பதினொரு ஷிப்ட் அந்த வட்டத்துக்கு முன்னால் வேலை பார்த்திருக்கிறார் மனுஷர்.

கடைசி நாளுக்கு முதல் நாள் சாயங்காலம். ஸ்விட்சை அழுத்தினேன். ஸ்டாப் வாட்ச். 38 விநாடி! பையன் ஃபாரத்தை முழுதாய் நிரப்பி, போட்டோ ஏற்றி, பணம் கட்டி, ரசீதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தான்.

அப்புறம் அண்ணி அந்த வீடியோவைப் போடச் சொன்னார். ஒரு நிமிஷத்துக்கும் குறைவுதான். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, படம் எடுக்கும் மகளைப் பார்த்து, "கரண்டு போவுது, மொதல்ல அந்தப் பொட்டிய அணைச்சி வை" என்று அதட்டுகிறார். அவ்வளவுதான் வீடியோ. அண்ணன் அதை மூன்று தடவை பார்த்தார். இப்போது அது நாலு இடத்தில் இருக்கிறது. தங்கச்சி செல்போனிலும்.

ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் திடீரென்று மெதுவாகக் கிளம்ப ஆரம்பித்தால், திட்டுவதற்கு முன் முதலில் காப்பி எடுங்கள். அப்புறம் ஸ்டாப் வாட்ச். அப்புறம் டாஸ்க் மேனேஜர். அதற்கப்புறம்தான் பர்ஸ். இந்த வரிசையை மாற்றினால் நான் பட்ட பாடு படுவீர்கள்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் வாசலில் நின்றார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இன்னாண்ணே, மறுபடி ஸ்லோவா?"

"அதெல்லாம் நல்லாத்தான் கீது" என்றார். "முன்ன ஸ்விட்ச் போட்டா உங்க அண்ணி டீ போடுவா. இப்ப, 'அதான் டக்குனு வந்துடுச்சே, வேலையப் பாரு'ங்கறா. அத இன்னும் கொஞ்சூண்டு மெதுவாக்க முடியுமா தம்பி?"